கம்பெனி வெட்டிய ஏரி, கூலிக்காரன் விழுங்கும் புழுதி

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், தென்கோடிப் பாலைவனத்தில், ஓர் உப்பு ஏரி கிடக்கிறது. சால்டன் கடல் என்று பெயர். அதன் கரையில் நாம் நடந்தோம். காலடியில் நொறுங்கியது மணல் அல்ல, மீன் எலும்பு! படகுத்துறை நிற்கிறது, தண்ணீரோ எட்டாத் தொலைவுக்குப் போய்விட்டது. 1950-களில் பணக்காரர்கள் படகு விட்டு விளையாடிய இடம் இது. இன்று மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க முடிகிறது.

இந்த ஏரி எப்படிப் பிறந்தது? கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் பள்ளம் அது. பழங்காலத்தில் கொலராடோ ஆறு தானே திசை மாறி அதை நிரப்பியதுண்டு. ஆனால் இம்முறை ஆற்றைத் திருப்பியது இயற்கை அல்ல, லாபம்!

பாலைவன நிலத்துக்குத் தண்ணீர் விற்றுப் பணம் பண்ணக் கிளம்பியது கலிஃபோர்னியா டெவலப்மெண்ட் கம்பெனி. அதன் வாய்க்கால் வண்டலில் தூர்ந்துபோயிற்று. தூர் எடுக்கவும், மதகு கட்டவும் பணமும் காலமும் வேண்டும். 1904-இல் கம்பெனி ஆற்றங்கரையை வெட்டியது, மதகு வைக்கவில்லை. 1905-இல் வெள்ளம் வந்தது. ஆறு முழுவதும் உடைப்பின் வழியே பள்ளத்தில் பாய்ந்தது. ரயில் ரயிலாகக் கல்லைக் கொட்டி 1907-இல்தான் உடைப்பை அடைத்தார்கள். வெயிலில் நின்று அடைத்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் பூர்வகுடித் தொழிலாளர்கள். கஹுய்யா பூர்வகுடிகளின் நிலம் சுமார் 11,000 ஏக்கர் நீரில் மூழ்கியது. அதற்கு நஷ்டஈடு வழங்கும் சட்டம் எப்போது வந்தது தெரியுமா? 2000-ஆம் ஆண்டில்!

ஆறு நின்ற பிறகு ஏரியை உயிரோடு வைத்தது வயல்களின் வடிகால் நீர். அந்த நீர் உரத்தையும் பூச்சிமருந்தையும் உப்பையும் கொண்டுவந்து சேர்த்தது. வெளியேற வழியில்லை. தண்ணீர் ஆவியானது, உப்பும் நஞ்சும் தங்கின. லட்சக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன.

பிறகு 2003-இல் ஓர் ஒப்பந்தம். இம்பீரியல் பள்ளத்தாக்கின் பாசனத் தண்ணீரில் ஒரு பங்கு சான் டியேகோ நகரத்துக்கு விற்கப்பட்டது. வயலுக்குத் தண்ணீர் குறைந்தால் வடிகால் குறையும். வடிகால் குறைந்தால் ஏரி வற்றும். ஈடுசெய்யச் சில காலம் ஏரிக்கு விட்ட தண்ணீரும் 2017-உடன் நின்றது. வற்றிய தரையிலிருந்து புழுதி எழுகிறது.

அந்தப் புழுதி யார் நெஞ்சில் போய்த் தங்குகிறது? தண்ணீரை விற்றவர் நெஞ்சிலா? இல்லை! லெட்டூஸ் கீரை அறுக்கும், திராட்சை பறிக்கும் மெக்சிகோ வம்சாவளிக் கூலித் தொழிலாளர்களின் நெஞ்சில். அவர்கள் பிள்ளைகளின் நெஞ்சில். ஆஸ்துமாவால் மருத்துவமனை சேரும் குழந்தைகளின் விகிதம் அம்மாநிலத்திலேயே மிக அதிகமாக உள்ள மாவட்டங்களில் ஒன்று இம்பீரியல்.

இவர்கள் வாய்மூடி இருந்தவர்கள் அல்ல. 1930-இல் அதே பள்ளத்தாக்கில் கீரை வயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமைப்பாளர்களான கம்யூனிஸ்டுகளைச் சிறையில் தள்ளினார்கள். 1965-இல் பக்கத்துக் கோச்செல்லா திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் போராடிக் கூலி உயர்வு பெற்றார்கள்.

இப்போது ஏரிக்கு அடியில் லித்தியம் இருக்கிறதாம். 34 லட்சம் டன் வரை கிடைக்கலாம் என்று 2023-இல் அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு கணக்கிட்டது. கம்பெனிகள் மீண்டும் வந்து நிற்கின்றன. 1904-இல் நிலத்தைச் செழிக்க வைப்போம் என்றார்கள். இன்று வேலை தருவோம் என்கிறார்கள்.

நாம் கேட்பது இதுதான்: முதலில் புழுதி அடங்கட்டும்! பிள்ளைகள் மூச்சுவிடட்டும்! அடியில் இருப்பதில் பங்கு, புழுதியைச் சுவாசித்தவர்களுக்கு முதலில் வரட்டும்! மதகில்லாமல் ஆற்றை வெட்டிய லாபவெறிக்கு மதகு போட வல்லது ஒன்றே ஒன்று: தொழிலாளியின் ஒற்றுமை.