நிலவில் ஒலித்த பாங்கும் சித்தம்பூண்டிக் கல்லும்

நம் சமுதாய மேடைகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஒரு கதை உலவி வருகின்றது. 1969ஆம் ஆண்டு நிலவில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே இனம் புரியாத ஓர் ஓசையைக் கேட்டாராம். பல்லாண்டுகள் கழித்து எகிப்துக்கு வந்த அவர், பள்ளிவாசலில் எழுந்த பாங்கொலியைக் கேட்டுத் திடுக்கிட்டு, நிலவில் தாம் கேட்டது இதுவே என்றுரைத்து இஸ்லாத்தைத் தழுவினாராம். கதை முடிந்ததும் தக்பீர் முழக்கம் விண்ணைப் பிளக்கும். பேச்சாளர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

ஆம்ஸ்ட்ராங் மதம் மாறியதாகக் கூறப்படுவது உண்மையன்று என்பதை 1983ஆம் ஆண்டிலேயே அமெரிக்க வெளியுறவுத் துறை முஸ்லிம் நாடுகளில் உள்ள தன் தூதரகங்களுக்கு எழுதித் தெரிவித்துவிட்டது. அவர் 2012இல் காலமாகியும் விட்டார். காற்றில்லாத நிலவில் ஒலி பரவ வழியே இல்லை என்பதை உயர்நிலைப் பள்ளியின் வாசற்படி மிதித்த பிள்ளையும் அறியும். இத்தனைக்குப் பின்னும் சென்ற ஆண்டு எங்கள் பகுதி விழா மேடையொன்றில் இக்கதை சற்றும் வாட்டமின்றி அரங்கேறியது. முன்வரிசையில் அமர்ந்திருந்த சிறுவர்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

ஏனெனில் அச்சிறுவர்கள் வாழ்வது நாமக்கல் மாவட்டத்து வெண்ணந்தூரில். விசைத்தறிகளின் ஓசைக்கிடையே பாடம் ஓதும் பிள்ளைகள் அவர்கள். நிலவைப் பற்றி வியப்பதற்கு அவர்களுக்குக் கெய்ரோ வரையிலான கட்டுக்கதை தேவையில்லை. இதே மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்று ஓர் ஊர் இருக்கின்றது; குன்னமலை என்று இன்னோர் ஊர் இருக்கின்றது. அவ்வூர்களின் மண்ணில் வெளிறிய நிறத்தில் கிடக்கும் ஒரு வகைப் பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர். நிலவின் மேட்டு நிலங்கள் எந்தப் பாறையால் ஆனவையோ, அதே இனத்துப் பாறை. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையினர் துணை நிற்க, அப்பாறையைப் பொடியாக்கி ஏறத்தாழ 50 டன் அளவுக்கு இஸ்ரோ பெற்றுக்கொண்டது. சந்திரயான் கலங்களின் இறங்குகலத்தையும் ஊர்தியையும் இங்கேயே இறக்கிப் பார்க்கவும் ஓட்டிப் பார்க்கவும் நிலவு மண்ணுக்கு மாற்றாக அப்பொடிதான் பரப்பப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியபோது, அதன் கால்கள் நம் மாவட்டத்து மண்ணில் நடை பழகிய கால்கள்!

இதை அந்த மேடையில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பிள்ளைகள் மறுநாளே சித்தம்பூண்டிக்குப் பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்டிருப்பார்கள். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அன்றிரவு நிலவையும் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். பொய்க்கதை கைதட்டலோடு முடிந்துபோகும். மெய்ச்செய்தியோ பிள்ளையை எழுந்து நடக்க வைக்கும்.

மக்களுக்கு அறிவியலை எடுத்துரைப்பது ஒரு கலை. அதை நம்மவர்கள் அறியாதவர்களும் அல்லர். டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் படத்தை மாட்டாத முஸ்லிம் பள்ளிக்கூடம் தமிழகத்தில் உண்டா? அவர் பிறந்த அக்டோபர் 15ஆம் நாள் வந்தால் பேச்சுப் போட்டி வைக்கிறோம்; கோப்பை வழங்குகிறோம். ஆனால் அவருக்குள் வியப்பு எவ்வாறு விதைக்கப்பட்டது என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர் சிவசுப்பிரமணிய ஐயர். பறவை எவ்வாறு பறக்கின்றது என்பது அன்றைய பாடம். கரும்பலகையில் பறவையை வரைந்தார். இறக்கையையும் வாலையும் காட்டி விளக்கினார். விளங்கியதா என்று கேட்டபோது விளங்கவில்லை என்றார் சிறுவர் கலாம்; பலரும் அவ்வாறே கூறினர். ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. மாலையில் வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். பறவைகள் இறக்கையடித்து எழுவதையும், வாலைத் திருப்பித் திசை மாற்றுவதையும் காட்டினார். பறப்பதற்கான உந்து விசை அப்பறவையின் உயிராற்றலிலிருந்தே பிறக்கிறது என்றார். அந்த மாலைப்பொழுதே தம் வாழ்வின் திசையைத் தீர்மானித்தது என்று கலாம் பன்முறை எழுதியும் பேசியும் இருக்கிறார்.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம், ஆசிரியரின் முதல் விளக்கம் தோற்றுப்போன இடமாகும். விளங்கவில்லை என்று மாணவன் துணிந்து சொல்ல முடிந்தது. அதைக் கேட்டு ஆசிரியர் பொருளைக் கண்முன் நிறுத்தினார். நம் மேடைகளில் எவனாவது ஒரு சிறுவன் எழுந்து 'ஹஜ்ரத், எனக்கு விளங்கவில்லை' என்று கேட்க முடியுமா? கேட்டால் என்ன நடக்கும் என்பதை வாசகர்களே அறிவீர்கள். இன்னொன்றையும் குறிக்க வேண்டும். மரைக்காயர் வீட்டுப் பிள்ளையின் கண்ணை வானத்தின் பக்கம் திருப்பியவர் ஓர் ஐயர். அவரிடம் கற்றதனால் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் அவர்களுடைய வீட்டுத் தொழுகை ஒரு வேளையேனும் தவறியதுண்டா? அந்த ஆசிரியர் செய்ததையே கலாம் பிற்காலத்தில் ஊர் ஊராகச் சென்று இலட்சக்கணக்கான மாணவர்களுக்குச் செய்தார். பேசியதோடு நில்லாமல் அவர்களைக் கேள்வி கேட்கவும் வைத்தார். 2015 ஜூலை 27ஆம் நாள் ஷில்லாங்கில் மாணவர் முன் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

மேலைநாட்டில் இக்கலையின் கரை கண்டவர் கார்ல் சேகன் என்னும் வானியலறிஞர். 1980ஆம் ஆண்டு 13 பகுதிகளாக வெளிவந்த அவருடைய தொலைக்காட்சித் தொடர் பல நாடுகளில் காட்டப்பட்டது. சூரியக் குடும்பத்தின் விளிம்பை நோக்கி விரைந்துகொண்டிருந்த வாயேஜர்-1 கலத்தைத் திரும்பி நின்று பூமியைப் படம் பிடிக்கச் செய்யுமாறு வற்புறுத்தியவர் அவரே. 1990 பிப்ரவரி 14ஆம் நாள், 600 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எடுத்த அப்படத்தில் பூமி ஒரு புள்ளிக்கும் குறைவாகத் தெரிந்தது. அதிலிருந்து விஞ்ஞானத்துக்குப் பெரிய புதுச்செய்தி எதுவும் கிடைக்கவில்லை. அதைப் பார்த்தவனின் தற்பெருமை சற்றே கரைந்தது, அவ்வளவுதான். ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைப்பவனுக்கு அது புதிய பாடமும் அன்று.

'சேகன் இறைநம்பிக்கை அற்றவர் அல்லவா? அவரிடம் நமக்கு என்ன?' என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். கிரேக்கரின் நூல்களை அரபு மொழிக்குக் கொண்டுவந்து ஆராய்ந்த காலத்தில் அல்கிந்தி இதே கேள்வியை எதிர்கொண்டார். உண்மை எச்சமூகத்தாரிடமிருந்து வந்தாலும் அதை ஏற்க நாணவேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு. பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன் பக்தாதில் தீர்ந்த வழக்கை இன்று மீண்டும் நடத்துவானேன்?

இனி, ஆம்ஸ்ட்ராங் கதையைவிட நாகரிகமான ஒன்றுக்கு வருவோம். விஞ்ஞானி எதைக் கண்டுபிடித்தாலும் மறுவாரமே அது எங்கள் மறையில் முன்பே இருக்கிறது என்று ஒரு வசனத்தை எடுத்துப் பொருத்திக் காட்டும் வழக்கம் அது. பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் புக்கையின் நூல் 1976இல் வெளிவந்த பின் இது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. மறையின் மாண்பை உயர்த்தவே இதைச் செய்கிறார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. எண்ணம் நல்லது, வழியோ ஆபத்தானது. விஞ்ஞானத்தின் இயல்பு தன்னைத் தானே திருத்திக்கொள்வது. 1930இல் கண்டறியப்பட்ட புளூட்டோ, 2006இல் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. ஒன்பது கோள்களையும் ஒரு வசனத்தோடு முடிச்சுப் போட்டவர் 2006க்குப் பின் எதை அவிழ்ப்பார்? அண்டம் என்றும் ஒரே நிலையில் உள்ளது என்ற கொள்கைக்குக் கூட 1965 வரை மேதைகள் பலர் துணை நின்றார்கள். அண்டவெளியெங்கும் பரவியுள்ள நுண்ணலைக் கதிர்வீச்சை அவ்வாண்டு இருவர் கண்டறிந்து வெளியிட்ட பின்னரே அக்கொள்கை பின்தள்ளப்பட்டது. மாறாத மறையை மாறும் கொள்கையில் குடியேற்றுவது, சொந்த வீடிருக்க வாடகை வீட்டில் தாயைக் குடிவைப்பதற்கு ஒப்பாகும்.

இதில் அடிபடப் போகிறவர் பேச்சாளர் அல்லர். கை தட்டிய சிறுவன் பத்தாண்டு கழித்துக் கல்லூரியில் இயற்பியல் பயில்வான். தான் கேட்ட நான்கு 'ஆதாரங்களில்' மூன்று பொய் என்பதை அங்கே தானாகவே கண்டுகொள்வான். எதன் மேல் அவன் ஈமானை ஊன்றி வைத்தோமோ அது சரியும்போது, கூடவே எது சரியும் என்பதை எண்ணிப் பார்த்தோமா? அப்படிக் கலங்கி நின்ற இளைஞர்களை நாம் சந்தித்திருக்கிறோம். வாதாடி வெல்லக்கூடியவர்கள் அல்லர் அவர்கள், ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தவர்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவவாதிகளை எதிர்த்து எழுதிய நூலின் முன்னுரையிலேயே இதை எச்சரித்திருக்கிறார்கள். கிரகணம் எவ்வாறு நிகழ்கின்றது என்பது கணக்கால் மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. மார்க்கத்தைக் காப்பதாக எண்ணி அதை மறுப்பவன், மார்க்கத்தை நேர்நின்று தாக்குபவனைக் காட்டிலும் அதிகத் தீங்கு செய்கிறான் என்பது அவர்களின் கருத்து. இதற்கும் மேலான சான்று அண்ணலாரின் (ஸல்) வாழ்விலேயே உண்டு. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் குழந்தைப் பருவத்தில் மறைந்த நாளன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அக்குழந்தையின் பிரிவுக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு சொல்லும் பேசாமல் இருந்திருந்தாலே போதும். அந்நம்பிக்கை நாடெங்கும் பரவியிருக்கும். பெருமானார் எழுந்து மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்று தெளிவுறுத்தினார்கள். மகனைப் பறிகொடுத்த நாளிலும் பொய்யான அற்புதத்தை ஏற்க மறுத்தவர்களின் உம்மத்து, ஆம்ஸ்ட்ராங்கைச் சாட்சிக்கு அழைத்து நிற்கின்றது!

அத்தாட்சியைக் குறிக்கும் 'ஆயத்' என்ற சொல்லையே மறையின் வசனத்துக்கும் வழங்குகிறோம். வசனத்தை ஓதுவதற்குத் தஜ்வீத் கற்பிக்கிறோம். வானத்தை ஓதுவதற்கு என்ன கற்பிக்கிறோம்? நம் பெண்மக்களுக்கு சுரையா என்று ஆசையோடு பெயரிடுகிறோம். கார்த்திகை மீன்கூட்டத்துக்கு அரபியில் உள்ள பெயர் அது என்பது எத்தனை சுரையாக்களுக்குத் தெரியும்? அதன் பின்னாலேயே செந்நிறத்தில் வரும் ரோகிணியைத் தொடர்ந்து வருவது என்னும் பொருளில் 'அத்தபரான்' என்றனர் அரபியர். ஐரோப்பியரும் இன்றுவரை அப்பெயரையே திரித்து வழங்குகின்றனர். கி.பி. 964இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தம் விண்மீன் நூலில் 'சிறு மேகம்' என்று குறித்து வைத்த ஒன்றைக் கார்த்திகை மாதத்து இருண்ட இரவில் வெறுங்கண்ணாலேயே காணலாம். 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இன்னொரு விண்மீன் மண்டலம் அது. நம் முன்னோர் என்று மார் தட்டுகிறோமே, டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் முவக்கித்தாகப் பதினான்காம் நூற்றாண்டில் பணியாற்றிய இப்னுஷ் ஷாத்திர், இரவுகளை விழித்துக் கணக்கிட்டவர். நிலவின் இயக்கத்துக்கு அவர் வகுத்த அமைப்பே பின்னர் கோப்பர்னிக்கஸின் நூலிலும் காணப்படுகின்றது. அவர் பெயரை முழக்குவோர் அவர் செய்த வேலையில் நூற்றில் ஒரு பங்கையாவது செய்தார்களா?

பிறைச் சண்டையை மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் செய்கிறோம். ஒரே தெருவில் இரண்டு பெருநாள்! அச்சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இங்கே ஆராயப் போவதில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் கேட்போம். இரு தரப்பிலும் தொண்டை கிழியப் பேசுவோரில், ஒரு பிறைக்கும் மறு பிறைக்கும் இடையே சராசரி இருபத்தொன்பதரை நாள் என்பதையும், அதனாலேயே மாதம் சில வேளை 29ஆகவும் சில வேளை 30ஆகவும் அமைகின்றது என்பதையும் பிள்ளைக்கு ஓர் எலுமிச்சம் பழத்தையும் விளக்கையும் வைத்துக் காட்டக்கூடியவர் எத்தனை பேர்? நம் மக்தபில் ஓதும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, 'கொடியில் பிறை நிமிர்ந்து நிற்கிறதே, வானத்தில் மட்டும் ஏன் தோணி போல் படுத்திருக்கிறது?' என்று கேட்டாள். நாம் வாழ்வது பூமியின் நடுக்கோட்டுக்கு அருகில். சூரியன் இங்கே ஏறத்தாழ நேராகக் கீழிறங்கி மறைகின்றது. பிறையின் ஒளிப்பக்கம் சூரியனை நோக்கியே இருக்குமாதலால் கீழ்நோக்கிக் கவிந்து தோணியாகின்றது. வடக்கே செல்லச் செல்ல அது நிமிரும். இதை மண்ணில் கோடு போட்டுக் காட்டியபோது அவள், 'அப்படியானால் மக்காவில் எப்படி இருக்கும்?' என்று அடுத்த கேள்வியைத் தொடுத்தாள். அந்த இரண்டாவது கேள்வி பிறந்ததே, அதற்கு எந்த மேடைப் பேச்சும் ஈடாகாது.

தமிழில் இவற்றைச் சொல்லச் சொற்கள் இல்லை என்ற சாக்கும் இனிச் செல்லாது. யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பைப் பல்லாண்டுகள் நடத்தி, கணினிக்கும் மருத்துவத்துக்கும் கலைச்சொல் களஞ்சியங்களைத் தனியொருவராய்த் தொகுத்தளித்த மணவை முஸ்தபா நம்மவர், 2017இல் மறைந்தார். அவருக்கு முன் 1917 முதலே அறிவியலைத் தமிழில் எழுதத் தொடங்கிய பெ.நா. அப்புசாமி, 1986இல் காலமாகும் வரை எழுதினார். சொல் இருக்கின்றது. சொல்பவரை அழைக்கத்தான் நமக்கு மனம் இல்லை.

விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். வரும் மீலாது விழாவில் ஒரு பேச்சாளரைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கொடுக்கும் பயணப்படியில் ஒரு வேன் பிடிக்கலாம். பிள்ளைகளை, பெண்பிள்ளைகளையும் சேர்த்தே, சித்தம்பூண்டிக்கு அழைத்துச் செல்லுங்கள். உடன் ஓர் அறிவியல் ஆசிரியர் வரட்டும். அவர் எம்மதத்தவராயினும் ஆகுக. கையில் இன்னும் பணமிருந்தால் சேலம், திருப்பத்தூர் வழியாகச் சவ்வாது மலைக் காவலூர் வரை செல்லலாம். 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்த நோக்கர்களுள் காவலூராரும் இருந்தனர். 1986 முதல் வைணு பாப்பு பெயர் தாங்கி நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் உள்ளது. பார்வையாளரை அனுமதிக்கும் நாளை முன்னதாகவே கேட்டறிந்துகொள்ளுங்கள். இஷாத் தொழுகையை மலையிலேயே ஜமாஅத்தாகத் தொழுதுவிடலாம். போர்வை மட்டும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள், மார்கழிக் குளிர் அங்கே கடுமையானது.