பின்சீற்றில் யார் ஏறுவது?



கல்யாணக் காலம் வந்தால் எங்கள் ஊர்களில் கார்க் கதையும் கூடவே வந்துவிடும். முந்தி மாப்பிள்ளைக்கு எந்தக் கார் என்று யாரும் கேட்டதில்லை. கிடைத்த வானில் ஏறிப் போனோம், நிக்காஹ் முடிந்தது, சாப்பிட்டோம், வந்தோம். இப்போது தம்பிமார் சிலர் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்தான் வேண்டும் என்று நிற்கிறார்கள். வாடகைக்கு எடுப்பவர்கள் ஒரு பக்கம், வெளிநாட்டுக் காசில் வாங்கியே விடுபவர்கள் இன்னொரு பக்கம். பெண் வீட்டாரிடம் வாய் திறந்து கேட்காமல் 'அந்த மாதிரி ஒன்று இருந்தால் நல்லம்' என்று குறிப்புக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கைக்கூலியைப் பற்றி இன்னொரு நாளைக்கு எழுதுவோம். இன்றைக்கு எழுத வந்தது அந்தக் காரின் பின்சீற்றைப் பற்றி மட்டும்.

சிரிக்க வேண்டாம். எங்கள் வீடுகளில் பின்சீற் யாருடைய இடம் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். ஓட்டுகிறவரும் அவருக்குப் பக்கத்தில் வாப்பாவோ நானாவோ முன்னுக்கு இருப்பார்கள். பின்னுக்கு உம்மா, உம்மம்மா, கைப்பிள்ளையோடு ராத்தா, மடியிலும் இடுக்கிலும் சின்னப் பிள்ளைகள். பின்சீற்றில் இருந்து குறைக்கிற ஒவ்வொரு அங்குலமும் இவர்களிடமிருந்துதான் குறைகிறது.

இந்த வகைக் காருக்குக் கூப்பே என்று பெயர். பிரெஞ்சுச் சொல், 'வெட்டப்பட்டது' என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில் எதிரெதிராக இரண்டு வரிசை இருக்கை உள்ள பெரிய வண்டியை எடுத்து, ஒரு வரிசையை வெட்டிவிட்டு இரண்டு பேருக்கு மட்டும் செய்த வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. வெட்டுப்பட்டது இருக்கைதான்.

எங்கள் நாட்டு வீதிகளில் அடிக்கடி காண்கிற உதாரணம் ஹொண்டா சீ.ஆர்.இசட். 2010இல் யப்பானில் வெளிவந்த கார். ஹைபிரிட் வாகனங்களுக்கு இங்கே வரி குறைவாக இருந்த காலத்தில் நிறைய வந்து இறங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய கார்களே கைமாறிக் கொண்டிருந்தன. இதில் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். யப்பானில் இந்தக் கார் நான்கு பேருக்கான கார். அதே காரை அமெரிக்காவில் விற்றபோது பின்சீற்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சாமான் வைக்கும் பெட்டி போட்டு, இரண்டு பேருக்கான கார் என்றே விற்றார்கள். ஒரு நாட்டில் சாமான் பெட்டியாக இருந்த இடத்தில்தான் நாங்கள் உம்மாவை இருத்தப் பார்க்கிறோம்.

அந்தக் காரைக் குறை சொல்வதல்ல எங்கள் நோக்கம். அது செய்யப்பட்ட வேலையை நன்றாகவே செய்கிறது. கதவு குறைந்தால் உடம்பு உறுதியாகும், பாரம் குறையும். கூரை பின்பக்கம் சரிந்து இறங்கினால் காற்று வழுக்கிப் போகும், பார்வைக்கும் அழகு. ஆனால் அந்தச் சரிவு வந்து முடிகிற இடம் பின்னுக்கு இருப்பவரின் தலை.

ஏறுவது எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். முதலில் முன்சீற்றில் இருப்பவர் இறங்க வேண்டும். சீற்றின் முதுகை மடக்கி, முழுச் சீற்றையும் முன்னுக்குத் தள்ள வேண்டும். பிறகு குனிந்து, தலையை முதலில் நுழைத்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, தொங்குகிற சீற் பெல்ட்டில் மாட்டாமல் உடம்பைத் திருப்பி, பின்னுக்கு விழுவதுபோல் இருக்க வேண்டும். இருபது வயதுப் பொடியனுக்கு இது விளையாட்டு. அபாயாவோ சேலையோ உடுத்த அறுபது வயதுப் பெண்ணுக்கு, அதுவும் கல்யாண வீட்டு வாசலில் நூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இது என்னவென்று சொல்லத் தேவையில்லை. கதவும் சாதாரணக் கார்க் கதவைவிட நீளம். பசாரில் இரண்டு வாகனத்துக்கு நடுவில் நிறுத்தினால் பாதிதான் திறக்கும்.

உள்ளே போன பிறகும் பாடுதான். பக்கத்துக் கண்ணாடி பெரும்பாலும் இறங்காது. பின்கண்ணாடி தலைக்கு மேலேயே சரிந்து கிடக்கும், வெயில் நேராக உச்சியில் இறங்கும். சித்திரை வைகாசியில் வன்னி வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் விட, பின்னுக்கு இருப்பவர் தானாக இறங்க முடியாது. முன்னுக்கு இருப்பவர் இறங்கி வழி விட வேண்டும். ஏதாவது விபத்து நடந்து முன்னுக்கு இருப்பவர் மயங்கிக் கிடந்தால், பின்னுக்கு இருக்கிற பிள்ளைக்குத் திறக்க ஒரு கதவு இல்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறோம், யாருடையது என்று கேட்காதீர்கள். இரண்டு கதவுக் கார், பூவெல்லாம் வைத்துச் சோடித்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னுக்கு. மாப்பிள்ளையின் உம்மம்மா கூடப் போவதாகத்தான் பேச்சு. அந்த மனிசிதான் அவனை வளர்த்தது. இரண்டு தரம் முயன்று பார்த்தார், முழங்கால் மடங்கவில்லை. "நீங்க போங்க மகன், நான் ஓட்டோவில வாறன்" என்றார். ஓட்டோவில் கதவும் இல்லை, குனியவும் தேவையில்லை; கம்பியைப் பிடித்து ஒரு எட்டு வைத்து ஏறி இருந்துவிட்டார். படத்தில் கார் இருக்கிறது, அவர் இல்லை.

பழைய ஆட்கள் உடனே கேட்பார்கள், மொறிஸ் மைனருக்கும் இரண்டு கதவுதானே என்று. கேள்வி சரிதான். 1948இல் அந்தக் கார் வந்தபோது இரண்டு கதவோடுதான் வந்தது, நாலு கதவு 1950இல் சேர்ந்தது. அதிலும் முன்சீற்றை மடக்கித்தான் பின்னுக்குப் போக வேண்டும். ஆனால் அதன் உயரம் சுமார் 152 சென்ரிமீற்றர், கூரை குடைபோல வளைந்து பின்சீற்றுக்கு மேலேயும் நிற்கும். சீற்றும் கதிரைபோல் உயரம். ஏறுவதுதான் கரைச்சல், ஏறிவிட்டால் தொப்பி போட்ட வாப்பாவும் நிமிர்ந்து இருக்கலாம். சீ.ஆர்.இசட்டின் உயரம் 140 சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. ஆக, கதவின் எண்ணிக்கை பாதிக் கதைதான், மற்றப் பாதி கூரையில் இருக்கிறது. மஸ்டா ஆர்.எக்ஸ்.8 என்ற காரில் முன்கதவுக்குப் பின்னால், எதிர்ப்பக்கமாகத் திறக்கிற சின்னக் கதவு ஒன்று வைத்தார்கள். முன்கதவைத் திறந்தால்தான் அது திறக்கும். அப்படியாவது பின்னுக்கு ஏறுபவரைப் பற்றி ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதில் எங்களுக்கு ஒரு சந்தோசம்.

இப்போது ஒரு கணக்கு. சீ.ஆர்.இசட்டின் நீளம் 408 சென்ரிமீற்றர். எங்கள் ஊரில் மூலைக்கு ஒன்று நிற்கிற சுசுகி வேகன் ஆர் காரின் நீளம் 340 சென்ரிமீற்றருக்குள். யப்பானில் சின்னக் காருக்கென்று விதித்த எல்லை அது. இரண்டு அடிக்கும் மேலே நீளம் குறைந்த அந்தக் காரில் நாலு கதவு, காலை நீட்டிக்கொண்டு இருக்கப் பின்சீற், 165 சென்ரிமீற்றர் அளவு உயரம். பெட்டிபோல் இருக்கிறது என்று தம்பிமார் சிரிக்கிறார்கள். பெட்டிதான், ஆனால் ஆள் இருக்கிற பெட்டி. இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால், இடம் எங்கே போனது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்: நீளமான மூக்குக்குள்ளும் சரிந்த முதுகுக்குள்ளும்.

கொழும்பில் இருக்கிறவர் இதை எழுதினால் ரசனை பற்றிய கதை என்று விட்டுவிடலாம். வன்னியில் அப்படி விட முடியாது. 2009 வரை நடந்த யுத்தத்தில் காலை இழந்தவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எங்கள் அயலில் வாழ்கிறார்கள். எங்கள் பாடசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிவருகிற பெற்றோரில், உங்கள் கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்களில் இருக்கிறார்கள். முழங்காலுக்கு மேலே செயற்கைக் கால் பூட்டியவருக்கு அந்தக் காலை மடக்கித் திருப்பி ஒரு இடுக்குக்குள் கொண்டுபோவது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவருக்கு அகலமாகத் திறக்கிற கதவு வேண்டும், இடுப்பளவில் சீற் வேண்டும். இந்த மண்ணில் ஒருவர் கார் வாங்கினால் அயலவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகாமல் இருக்கப் போவதில்லை. இரவு பன்னிரண்டு மணிக்குப் பிரசவ வலியோடு வந்து கதவைத் தட்டினால், எந்தச் சீற்றில் ஏற்றுவீர்கள்?

எங்கள் சமூகத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடாப் பக்கத்துச் சனம் வெளியேறியதிலிருந்து எங்கள் குடும்பங்களில் பாதி புத்தளத்தில், பாதி இங்கே. பெருநாளுக்கும் ஜனாஸாவுக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறோம். வவுனியாவிலிருந்து அநுராதபுரம் வழியாகப் புத்தளத்துக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். அன்றைக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்த உம்மாமார்தான் இன்றைக்கு அந்தப் பாதையில் பின்சீற்றில் இருந்து போகிறவர்கள். அவர்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைச் சரித்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

இளம் வயதில் ஒருவனுக்கு அழகான கார் மேல் ஆசை வருவதை நாங்கள் பிழை என்று சொல்லவில்லை. ஹராம் ஹலால் தீர்ப்பும் எழுதவில்லை, அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். தனியாள், உழைக்கிறான், தன் காசில் இரண்டு கதவுக் கார் வாங்குகிறான் என்றால் சந்தோசமாக ஓட்டட்டும், நாங்களும் ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்போம். வீட்டில் வேறொரு வாகனமும் இருந்தால் பேச்சே இல்லை. எங்கள் பேச்சு, வீட்டுக்கு இருக்கப்போகிற ஒரே காராக இதை வாங்குகிறவர்களோடும், மருமகனுக்கு வாங்கிக் கொடுக்கக் காணி ஈடு வைக்கிற வாப்பாமாரோடும்தான். இரண்டு வருடத்தில் பிள்ளை பிறக்கும். அந்தப் பிள்ளையைக் குனிந்து குனிந்து பின்னுக்கு வைத்து எடுப்பது உங்கள் மகள்தான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு கல்யாணம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாடகைக் காருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், அதை ஒரு நாள் பின்னேரம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். படம் எடுப்பதற்கு முன் உங்கள் வீட்டில் ஆக மூத்தவரைப் பின்சீற்றில் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். அவரால் முடியவில்லை என்றால், அதே காசுக்கு நாலு கதவு உள்ளதாக வேறொன்று இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே கேளுங்கள்.