கார் அடிவாரத்திலேயே நிற்கட்டும்!

அம்மையார்குப்பத்தில் நாள் முழுக்கத் தறி முன்னால் இருப்பவராகட்டும், சென்னையில் ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவராகட்டும், திருத்தணி முருகனைப் பார்க்கப் போகும்போது என்ன செய்கிறோம்? காரை நேரே மலைமேல் கொண்டுபோய் நிறுத்துகிறோம். தரிசனம், பிரசாதம், மறுபடி கார்!

கேட்டால், "படியில ஏறினா பசங்களுக்குக் கால் வலிக்குமே" என்பீர்கள். வருஷத்தின் நாட்களைப் போல அங்கே 365 படிகள். டிசம்பர் 31 இரவில் படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டு எத்தனையோ பெரியவர்கள் ஏறுகிறார்கள். ஓடியாடும் பிள்ளைக்கா முடியாது?

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறைவு. ஆனால் "உடம்புக்கு நல்லது, நட" என்றால் எந்தப் பிள்ளை நடக்கும்? தேட ஏதாவது கொடுங்கள், தானே நடக்கும்.

2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் காட்டோரம் ஒரு வாளியில் சில பொருட்களை ஒளித்துவைத்து, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் அறிவித்தார். ஜி.பி.எஸ். கருவியோடு தேடிப் போனார்கள். 'ஜியோகேச்சிங்' என்று இன்று உலகமெங்கும் குடும்பங்களைக் காடு மலை ஏறவைப்பது அந்த விளையாட்டுதான்.

நமக்குக் கருவியும் வேண்டாம், வாளியும் வேண்டாம். கூட்டம் கூடும் கோயிலில் பெட்டி எதையும் ஒளித்துவைக்கவும் கூடாது. ஒரு துண்டுச் சீட்டு போதும். 'படிகளை எண்ணு. பச்சரிசி மலை எது, பிண்ணாக்கு மலை எது? மேலிருந்து பார்த்தால் சரவணப் பொய்கை எந்தப் பக்கம்?' என்று எழுதிக் கொடுங்கள். பதில் தெரிந்த தாத்தாவுக்கும் அன்று மவுசு கூடும்!

வெயில் ஏறிப் படி சுடுவதற்குள் கிளம்பிவிடுங்கள். தண்ணீர் அவசியம். தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு போனால் குரங்குக்குக் கொண்டாட்டம். இதய நோய், மூச்சுத்திணறல், மூட்டுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். அவர்களுக்குத்தான் அந்த மலைப்பாதை. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சிரமம், நிதானமாக இறங்குங்கள். நெஞ்சு வலித்தால் உடனே உட்கார்ந்து உதவி கேளுங்கள்.

மற்றவர்கள் கால்களுக்கு வேலை கொடுக்கலாமே! அடுத்த முறை பிள்ளையின் கையில் செல்போனுக்குப் பதில் அந்தத் துண்டுச் சீட்டு இருக்கட்டும்.