சந்திரபாபுவை முகம் பார்க்காமல் கேளுங்கள்

"என்ன தோழர், காமெடிப் பாட்டா?" என்றான் விடுதி அறை நண்பன். ஜே.பி. சந்திரபாபுவைப் போட்டிருந்தேன். பறையும் கானாவும் விரும்பிக் கேட்கிறவன்தான். ஆனால் சந்திரபாபு என்றதும் சிரிக்கத் தயாராகிவிட்டான்.

எங்கள் குமரிக் கடற்கரையில் கதை வேறு. கோயில் திருவிழாவில் (எங்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில்) ஞானப்பாடல்கள் ஓய்ந்ததும் குழாய் ஸ்பீக்கரில் அவர் குரல் வரும். என் மாமாமாருக்கு அவர் முதலில் பாடகர், பிறகுதான் நடிகர்.

1927இல் தூத்துக்குடியில், பரதவக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஜே.பி.யில் இருக்கும் 'பி', பனிமயதாஸ். இளவயதில் கொழும்பில் வளர்ந்தார். இரண்டுமே துறைமுகங்கள். கப்பலேறி வந்த இசை சபாவுக்கு முன்னால் கடற்கரையைத்தானே தொட்டிருக்கும்?

புதிதாகக் கேட்பவர்கள் 'பெண்' (1954) படத்தின் கல்யாணப் பாட்டில் தொடங்குங்கள். திரையில் சந்திரபாபு இல்லை. அவர் குரலுக்கு உதடசைப்பவர் வீணை வித்துவான் எஸ். பாலச்சந்தர்! கோமாளி முகம் மறைந்ததும் பாடகர் மட்டும் மிஞ்சுகிறார். எனக்கு அவர் பிடிபட்டது அங்கேதான்.

அடுத்து 'மரகதம்' (1959) படத்தின் 'குங்குமப்பூவே'. ஜமுனா ராணியோடு பாடியது. சொற்களைத் தாளத்தின் மேல் எப்படித் துள்ளவிடுகிறார் என்று கவனியுங்கள். பிறகு அவருடைய யோடலிங். நெஞ்சிலிருந்து எழும் குரல் மேல்குரலுக்குத் தாவும்போது நடுவில் ஒரு முறிவு விழும். கமகம் அந்தத் தையலை மறைக்கும், யோடல் அதை வெளியே காட்டும். 1930இல் வெள்ளைக்காரப் பாடகர் ஜிம்மி ராஜர்ஸ் பாடிய யோடல் இசைத்தட்டு ஒன்றில் டிரம்பெட் வாசித்தவர் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார முடியாத ஊர்கள் நிறைந்திருந்த நாட்டில் நடந்தது அது. அந்தப் பாணியைத்தான் நாம் இங்கே 'சேட்டை' என்று ஒதுக்கினோம்.

சங்கீதம் என்றால் இன்னது என்று சபா வகுத்தது. அதற்குள் அடங்காத குரல் நாட்டுப்புறம் ஆகவேண்டும், இல்லையென்றால் நகைச்சுவை ஆகவேண்டும். சாதி ஒழிப்பு பேசும் நாமும் பறைக்கு மேடை கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் மீனவச் சமூகத்துப் பிள்ளை மேற்கத்திய இசையைத் தன் இசையாக எடுத்துக்கொண்டால், அதை எந்தப் பட்டியலில் வைப்பது என்று நமக்கே தெரியவில்லை. ஒடுக்கப்பட்டவர் தன் ஊர் இசையைத்தான் பாடவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு வேலிதான்.

அவரைச் சாதி எதிர்ப்புப் போராளியாக்கச் சொல்லவில்லை. வீழ்ச்சி, குடி, கடன் என்று ஓடும் யூடியூப் கதைகளைத் தள்ளிவையுங்கள். 1974இல் இறந்தவரை இன்னும் அந்தப் பரிதாபத்திலேயே வைத்திருக்கிறோம். கடைசியாக 'கவலை இல்லாத மனிதன்' (1960) படத்தில், பிறப்பையும் அழுகையையும் பற்றி அவர் பாடும் பாட்டை இரவில் ஹெட்போனில் கேளுங்கள். நண்பனுக்கும் அதைத்தான் போட்டேன். பாட்டு முடிந்ததும், "இன்னொரு தடவ போடு" என்றான்.