புழுவைக் கொன்றால் பட்டாம்பூச்சி எங்கிருந்து வரும்?

புரட்டாசி பிறந்தால் என் வீட்டுக் கொல்லையில் விருந்தாளிகள் கூட்டம்தான். ஒரு மழை பெய்து வெயிலடித்தால் போதும், தலைக்கு மேலே தட்டான்கள் வட்டமிடும். கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி எலுமிச்சை அழகி பறக்கும். சின்ன வயதில் தட்டான் வாலில் நூல் கட்டி விட்டவன்தான் நானும். அந்தப் பாவம் எனக்கும் உண்டு.

இந்த வருடம் கொல்லை வெறிச்சென்று கிடக்கிறது. எங்கள் தெருச் சங்கம் ஆள் வைத்து வீடு வீடாக மருந்து அடித்தது. "சார், கறிவேப்பிலையில புழு பிடிச்சிருக்கு, விடலாமா?" என்றார் அடித்தவர். அந்தப் புழுதான் ஐயா பட்டாம்பூச்சி! முதலில் பறவை எச்சம் போலிருக்கும், வளர்ந்தால் பச்சையாகும். நாலு கொத்து இலை தின்னும். தின்னட்டுமே! ரசத்துக்கு ஒரு கொத்து போதாதா நமக்கு? மருந்தடித்த இலையைத் தாளித்துச் சாப்பிடுவது மட்டும் பரவாயில்லையா?

மூலையில் நின்ற எருக்கையும் களை என்று வெட்டிவிட்டார்கள். வெந்தய வரியன் முட்டையிடுவது அதில்தான். பிள்ளையார் சதுர்த்திக்கு மட்டும் எருக்கம்பூ மாலைக்கு அலைகிறோம்.

கேட்டால் கொசுவுக்காகப் புகை என்கிறார்கள். தண்ணீரில் வளரும் தட்டான் இளசு கொசுப்புழுவைத் தின்கிறது. பறக்கும் தட்டான் கொசுவைத் தின்கிறது. சம்பளமில்லாமல் உழைத்தவனைக் கொன்றுவிட்டு நம்மிடம் சந்தா கேட்கிறார்கள். 2019-இல் தமிழ் மறவன் மாநிலப் பட்டாம்பூச்சி ஆனபோது வாட்ஸப்பில் கைதட்டும் பொம்மை போட்டவர்களும் இவர்கள்தான்.

மருந்துச் சந்தாவை இனி நான் கொடுப்பதாக இல்லை. எருக்கின் அடிக்கட்டையில் துளிர் விட்டிருக்கிறது. வெட்ட வருகிறவர் முதலில் என்னிடம் வரட்டும்.