காமிராவும் கரிய முகமும்

எண் பெரிதாயின் பொருளும் பெரிதாகும் என்பது பலர்தம் துணிபு. டிஜிட்டல் காமிரா வாங்கப் புகுவோரிடத்து இம்மயக்கம் மிகுதியும் காணப்படுகின்றது. “எத்தனை மெகாபிக்ஸெல்?” என்பதே அவர்தம் முதல் வினா, பெரும்பாலும் இறுதி வினாவும் அதுவே. நம் மாணவர் சங்கத்திற்குக் காமிரா ஒன்று வாங்கவேண்டும் என்னும் பேச்சு எழுந்துள்ளமையின், இதுபற்றி யாம் கருதுவதை ஈண்டு வெளியிடத் துணிந்தோம்.

முதற்கண் சென்ற ஆண்டு நிகழ்ந்ததொன்றைக் கூறுவோம். விடுதி நாளன்று நண்பகலில், தாழ்வாரத்தின் முன் யாவரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். வெள்ளைச் சட்டை அணிந்த மாணவராகிய யாம் முன்னே வெயிலில் நின்றோம். சமையற்கூடத்துப் பணியாளர் நால்வர் பின்னே தாழ்வார நிழலில் நின்றனர். படம் வந்தபோது எம் சட்டைகள் மடிப்பும் தெரியாது வெறும் வெண்மையாயின. அந்நால்வர் முகங்களோ இருளில் ஆழ்ந்தன. அவருள் முதியவர் ஒருவர் படத்தை நெடுநேரம் உற்று நோக்கி, “இதிலே நான் எங்கே, தம்பி?” என்றார். யாம் விரலாற் சுட்டினோம். சுட்டிய இடத்தில் முகம் இல்லை.

இக்குறை எதனால் விளைந்தது? காமிராவினுள் அமைந்த ஸென்ஸார் என்பது, ஒளியை எலெக்ட்ரான்களாக மாற்றித் தேக்கும் நுண்ணிய கிண்ணங்கள் கோடிக்கணக்கில் நிரம்பிய தகடாகும். ஒளி மிகுந்துழிக் கிண்ணம் நிறைந்துவிடும். அதன்மேல் வரும் ஒளி கணக்கில் ஏறாது. வெளுத்த சட்டை அவ்வாறு தோன்றியதே. ஒளி மிகக் குறைந்துழியோ, கருவியின் உள்ளிருந்தே எழும் இரைச்சலில் அச்சிற்றளவு மறைந்துபோம். மறைந்த முகம் இதற்குச் சான்று. இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட அகலத்தையே டைனமிக் ரேஞ்ச் என்பர். இதனை அளக்கும் அலகு ஸ்டாப். ஒரு ஸ்டாப் ஏறுந்தோறும் ஒளி இருமடங்காகும். ஆதலின் பத்து ஸ்டாப் என்பது 1,024 மடங்கு; பதினான்கு ஸ்டாப் என்பது 16,384 மடங்கு.

இனி, மெகாபிக்ஸெல் மிக்கதெல்லாம் இவ்வகலமும் மிக்கதன்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். 2014-இல் வெளிவந்த நைக்கான் டி750 என்பது 24 மெகாபிக்ஸெல் உடையது. 2015-இல் வந்த கானன் 5டிஎஸ் ஆர் என்பதோ 50 மெகாபிக்ஸெல் உடையது. இரண்டன் ஸென்ஸாரும் ஏறத்தாழ 36க்கு 24 மில்லிமீட்டர் அளவினதே. டி.எக்ஸ்.ஓ. மார்க் என்னும் ஆய்வுக்கூடம் அளந்தபோது, முன்னது 14.5 ஸ்டாப்பும் பின்னது 12.4 ஸ்டாப்பும் பெற்றன. வேறுபாடு இரண்டு ஸ்டாப்பிற்கு மேல். அஃதாவது நான்கு மடங்கிற்கு மேல். எண்ணால் சிறியது ஒளியால் பெரியதாயிற்று அன்றோ?

“பகல் வெயிலை விலக்கி மாலையில் எடுத்தால் ஆகாதோ? பிளாஷ் விளக்கிட்டால் போதாதோ?” எனச் சிலர் வினவுவர். ஆகும், திறமுடையோர் அவ்வாறே செய்வர். ஆயின் கல்லூரி விழாவின் வேளையைக் குறிப்போர் படம் எடுப்போர் அல்லரே! “கைப்பேசியே பல படங்களை இணைத்து வெளிச்சத்தை ஒழுங்கு செய்கின்றதே” என்பாரும் உளர். மெய்யே, எனினும் ஓடி ஆடுவோரைப் படம் பிடிக்குங்கால், அங்ஙனம் இணைத்த படத்தில் ஒருவர்க்கு இரு கை கூடுதலாக முளைப்பதும் உண்டு.

கருவி வாங்கியபின் அதனைக் கையாளும் முறையும் அறிதல் வேண்டும். ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்துந்தோறும் ஒளியகலம் குறுகும். ஆதலின் நல்ல வெளிச்சத்தில் அதனை 100 அளவில் நிறுத்துக. ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகளே கொள்ளும். 14 பிட் ரா கோப்போ 16,384 படிகள் கொள்ளும். ஆதலின் ரா முறையிலேயே பதிக. நிறைந்து வழிந்த வெண்மையை மீட்டல் அரிது. நிழலை ஓரளவு மீட்கலாம். ஆதலின் வெண்மை சிதையாவாறு அளந்து எடுத்துப் பின்னர் நிழலை உயர்த்துக.

கரிய முகத்தைக் கருவிகள் புறக்கணித்தமை புதிதன்று. கோடாக் நிறுவனம் நிறம் ஒத்துப்பார்த்தற்கென அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷர்லி’ அட்டைகளில், பல ஆண்டுக்காலம் வெண்ணிற மங்கையர் உருவமே இருந்தது. பல நிறத்தாரையும் உடைய அட்டை 1990-களிலேதான் வந்தது. எவர் முகத்தை அளவுகோலாகக் கொள்கின்றோமோ, அவர் முகமே நன்கு விளங்கும் போலும்.

ஆகலின் சங்கத்தார்க்கு எம் விண்ணப்பம் இதுவே: புதிதென்றும் எண் பெரிதென்றும் மயங்காது, பழையதாயினும் ஒளியகலம் மிக்கதொன்றைத் தேர்க. கடையில் வாங்குமுன், தாழ்வாரத்து நிழலில் ஒருவரையும் வெயிலில் வெள்ளை உடுத்த ஒருவரையும் நிறுத்தி எடுத்துப் பார்க்க. இருவரும் தெரியின் அக்கருவியை வாங்குக. அடுத்த விடுதி நாளில் அம்முதியவர் தம் முகத்தைத் தாமே கண்டு சுட்டுவாராயின், செலவிட்ட பணம் பயன்பட்டதென்று மகிழ்வோம்.