ஒரு வாய்ப் பாலும் ஒரு நாள் தாமதமும்

மூளைக் கதிர் அறுவை சிகிச்சைக்காகக் காலையில் அழைத்து வரப்படும் குழந்தையின் பெற்றோரிடம் மயக்கவியல் மருத்துவர்களாகிய நாங்கள் முதலில் கேட்பது, "குழந்தை கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது?" என்பதுதான். இக்கேள்விக்குக் கிடைக்கும் உண்மையான விடை, எங்கள் கருவிகளுக்குச் சற்றும் குறையாத பாதுகாப்பு என்பது எங்கள் உறுதியான கருத்து. அவ்விடையை அச்சமின்றிச் சொல்லும் சூழலை ஏற்படுத்துவது எங்கள் பொறுப்பு.

இச்சிகிச்சையில் மண்டையோடு திறக்கப்படுவதில்லை. சுவீடன் நாட்டு நரம்பியல் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951இல் முன்வைத்த கருத்தின்படி, பல திசைகளிலிருந்து வரும் நுண்கதிர்கள் மூளையில் ஓரிடத்தில் குவிக்கப்படுகின்றன. இன்றைய காமா நைஃப் கருவியில் 192 கோபால்ட் கதிர்மூலங்கள் உள்ளன. குறி ஒரு மில்லிமீட்டர்கூட விலகக் கூடாது என்பதற்காகத் தலையில் ஓர் உலோகச் சட்டம் திருகுகளால் பொருத்தப்படுகிறது. பெரியவர்களுக்கு அவ்விடங்களில் மரத்துப்போகும் ஊசி போட்டாலே பெரும்பாலும் போதும். சிறு குழந்தைக்கோ, சட்டம் பொருத்துவது முதல் ஸ்கேன், திட்டமிடல், கதிர்வீச்சு ஆகியவை முடிந்து சட்டத்தைக் கழற்றும் வரை பல மணி நேரம் மயக்கம் தேவைப்படலாம்.

"தூக்க மருந்துதானே, டாக்டர்?" என்று பலர் கேட்கிறார்கள். மயக்கம் உறக்கம் அன்று. உறங்கும் குழந்தையின் தொண்டையில் ஏதேனும் சென்றால் அது இருமி விழித்துக்கொள்ளும். மயக்கத்தில் அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. வயிற்றில் உள்ளவை மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் மூச்சு தடைப்படலாம். கடும் நுரையீரல் அழற்சியும் ஏற்படலாம். முகத்துக்கு முன்னே சட்டம் இருக்கும்போது மூச்சுக்குழாயைக் கையாள்வது எளிதன்று. ஆகவே அதை உடனே கழற்றும் கருவி எப்போதும் அருகிலேயே இருக்கும். கதிர்வீச்சின்போது அறைக்குள் நாங்கள் இருக்க இயலாது. வெளியிலிருந்து கேமரா வழியாகக் குழந்தையையும், திரையில் அதன் நாடித்துடிப்பு, ஆக்சிஜன், மூச்சு ஆகியவற்றையும் இடைவிடாது கவனிக்கிறோம். தேவைப்பட்டால் கதிர்வீச்சை நிறுத்திவிட்டு உள்ளே செல்வோம்.

அதனால்தான் பட்டினி நேரத்தை வலியுறுத்துகிறோம். எண்ணெய்ப் பலகாரம், இறைச்சி போன்றவற்றுக்கு 8 மணி நேரம். இட்லி, ரொட்டி போன்ற எளிய உணவுக்கும் பசும்பாலுக்கும் 6 மணி நேரம். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பது பொதுவான விதி. பால் நீர்மம்தானே என்று எண்ண வேண்டாம். அது வயிற்றில் திரிந்து, திட உணவைப் போலவே தங்கிவிடும். மறுபுறம், தேவைக்கு மேல் பட்டினி போடுவதும் குழந்தையை வாட்டும். உங்கள் குழந்தைக்குரிய நேரத்தை எங்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருமுறை, மருந்து செலுத்துவதற்குச் சற்று முன்பு ஒரு தாய் எங்கள் செவிலியரைத் தனியே அழைத்து, விடியற்காலையில் மகன் அழுததால் அரை டம்ளர் பால் கொடுத்துவிட்டதாகக் கண்ணீருடன் சொன்னார். சிகிச்சையை மறுநாளுக்கு மாற்றினோம். அவர் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். உண்மையில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நாங்களே. அவர் அத்தனை நேரம் தயங்கியதற்கு எங்கள் அவசரமும் கடுமையான குரலும் காரணமாக இருந்திருக்கலாம் என்பதை அன்று உணர்ந்தோம்.

தள்ளிவைப்பதால் பெற்றோருக்கு ஏற்படும் இழப்பை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். ஒரு நாள் கூலி, ஊரிலிருந்து வரும் செலவு, தங்குமிடம், எல்லாவற்றுக்கும் மேலாக மீண்டும் ஓர் இரவு மனப்பதற்றம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். குழந்தைகளுக்கு இச்சிகிச்சை அளிக்கப்படும் முக்கியக் காரணங்களுள் ஒன்று, மூளையில் தமனிகளும் சிரைகளும் தவறாகப் பின்னிக் கிடக்கும் கோளாறு. கதிர்வீச்சுக்குப் பின் அப்பின்னல் முழுமையாக அடைபடப் பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகள் ஆகும். அவ்வளவு மெல்லப் பலன் தரும் சிகிச்சைக்கு ஒரு நாள் தாமதம் பெரும்பாலும் தீங்காகாது. நுரையீரலுக்குள் சென்ற பாலோ சில நிமிடங்களில் தீங்கு செய்துவிடும்.

உணவைப் போலவே வேறு சிலவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்: கடந்த 2 வாரங்களில் வந்த சளி, காய்ச்சல், இருமல், ஆடும் பல், உறக்கத்தில் குறட்டை, ஒவ்வாமை, குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தால் நேர்ந்த சிக்கல். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அன்று காலை எவ்வாறு கொடுப்பது என்று எங்களிடம் கேளுங்கள்.

பாட்டியோ அண்ணனோ இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட் கொடுத்திருந்தாலும் சொல்லுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். தேவையானால் சில மணி நேரம் காத்திருப்போம். அல்லது வேறு நாள் குறித்துக் கொடுப்போம்.